ஒன்பதுக்கு ஒன்று

இருளாயிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. துறைமுகத்தில் மூட்டை இழுத்ததால் வந்த வலி இல்லை. ஓலாவ் மேஸ்திரியைத் தூக்கிப் புரட்டியதில் வந்தது. பனி உருகித் திறந்த வடகரை மாநிலத்தில், அந்தக் கிழவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்வரைதான் அவளுக்கு ஓட்டு.

கூலிக்கு வந்த தமிழர்கள் பெருகியதும் முதற்குடிகள் பயந்துபோய்ச் சட்டம் போட்டார்கள். வாக்காளரில் முதற்குடி ஒன்பது பேருக்கு வந்தகுடி ஒருவர். நியாயவான்கள் என்று பெயர் வாங்க இன்னொரு வரியும் சேர்த்தார்கள்: இந்த விகிதம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எச்சில் ஒரு துளி பட்டால் இன்ன வம்சம் என்று குடிமானி இயந்திரம் சொல்லிவிடும். கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒன்பதில் ஒருவர் செத்து மாற்றாள் இல்லையென்றால், அந்த வந்தகுடியின் ஓட்டும் அன்றே போகும்; மிஞ்சிய எட்டுப் பேர் வேறு ஒன்பதுகளுக்கு மாற்றாள் ஆவார்கள்.

முதற்குடி வீடுகளில் பிள்ளை பிறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால் வேலை விட்டதும் தமிழர்கள் தங்கள் தங்கள் கிழங்களைப் பார்க்கக் கிளம்புவார்கள். கஞ்சி ஊட்ட, பீ மூத்திரம் அள்ள, இருமினால் முதுகு தடவ. இருளாயியின் ஒன்பதில் படுக்கையில் கிடந்தவன் ஓலாவ்.

"மெதுவாப் பெரட்டுடி. கெழவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம ஓட்டுக்கும் சேர்த்துப் பாடை கட்டணும்" என்பான் அவள் புருஷன் சேவுகன்.

தேர்தல் வந்தது. கேள்வி ஒன்றுதான்: வந்தகுடிகளைக் கப்பலேற்றி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா. இருளாயிக்குப் போக வேறு ஊரில்லை. பிறந்த ஊரைக் கடல் தின்றுவிட்டது. இத்தனை நாள் அள்ளிப்போட்டவர்களைக் கிழங்கள் விட்டுக்கொடுக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். ஓலாவைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சாவடிக்குத் தள்ளிக்கொண்டு போனதும் அவள்தான்.

அனுப்புவதே ஜெயித்தது.

கப்பலேறும் காலையில் கடைசிக் கஞ்சியோடு போனாள். நாற்பது வருஷம் தமிழாட்களை மேய்த்ததில் அவர்கள் பேச்சே ஓலாவுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்காமலே சொன்னான்.

"உனக்கு எதிராத்தான் போட்டேன் புள்ள. மத்தவன்லாம் உங்கள இருக்கச் சொல்லுவான், நான் ஒருத்தன் போட்டா என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருப்பீக மேஸ்திரி. வாயத் தொறங்க."

அடுத்த தடவை அவளுக்குத்தான் போடுவதாகச் சொன்னான். அதைத் தன் கடன் என்றான். அவள் வாயைத் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

துறைமுக வாசலில் வாக்காளர் எண்ணிக்கை பெரிதாக ஒளிர்ந்தது. ஓட்டுள்ள ஒவ்வொரு தமிழரும் கப்பலேற ஏற அது பத்துப் பத்தாகக் குறைந்தது. போகிறவர் ஒருவர், அவரோடு விகிதத்துக்கு முதற்குடி ஒன்பது பேர். முதலில் அதைக் கவனித்த அதிகாரி, கப்பலை நிறுத்தச் சொல்லி ஓடினான். மக்கள் ஓட்டுப் போட்டு முடித்ததை நிறுத்த அதிகாரிக்கு உரிமையில்லை என்றது குடிமானி. மறுபடி ஓட்டுதான் போட வேண்டும்.

வரிசையில் இருளாயிதான் கடைசி. எண் பத்தில் நின்றது.

"அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று அதிகாரி கெஞ்சினான். இதுவரை அங்கே யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. காவலர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவர்களுக்குக் கிடைத்த உத்தரவு அது. அவள் ஏறினாள். எண் பூஜ்யம் ஆனது.

ஓலாவ் மேஸ்திரி அவளுக்கு ஒரு ஓட்டு தர வேண்டும்.