பானெட்டில் வைத்த கை

“ஹலோ... கிரீஸ் கையோட என் வண்டியைத் தொடாதீங்க!”

அவள் கையை எடுக்கவில்லை. அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட் மேல் உள்ளங்கையைப் பதித்து, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வண்டியா? இன்னும் விலையே பேசலையே?”

“பேசத்தான் போறேன்...”

பழைய கார்கள் விற்கும் அந்த இடத்துக்கு அவள் வந்தது வேறொரு வண்டிக்கு பேட்டரி மாற்ற. மாற்றிவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் ஓர் இளைஞன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவுக் கைப்பிடியைக்கூடக் கொஞ்சுவதைப் பார்த்தபின் எந்த மெக்கானிக்குக்குத்தான் சும்மா போக மனசு வரும்? அதுவும், இந்த மாதிரி ஆசைகளெல்லாம் கடைசியில் பழுதாகிக் கயிறு கட்டி இழுத்து வரப்படுகிற ஒர்க்ஷாப்புக்காரரின் மகளுக்கு!

“பானெட் சூடா இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்காங்க. ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, குட்டு வெளிப்பட்டுடும். ஆமா... இது முதல் வண்டியா?”

“ஆமா.”

“அப்ப வேண்டாங்க. வாங்குறது சுலபம், வச்சுக் காப்பாத்துறதுதான் பாடு. ஒரு சின்ன பார்ட்டுக்கு மாசக்கணக்கா காத்துக் கிடக்கணும். இந்த மாதிரி வண்டிக்கு இன்சூரன்ஸே கழுத்தை நெரிக்கும். இன்ஜின் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க, விக்கிறவர் மென்னு முழுங்குவார். முதல்ல சாதாரண வண்டியில கை பழகுங்க. ஆசை அப்பவும் போகலைன்னா, ஒழுங்கா சர்வீஸ் பண்ணினதாப் பாத்து வாங்குங்க.”

சொல்லிக்கொண்டே குனிந்து, கதவோரத் தகட்டிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். நிமிர்ந்தபோது அவன் காரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்கு முந்தைய வானம்போல் இருண்டு, நனைந்த கண்கள்... அவளுக்கு என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோனது.

“தப்பா நினைக்காதீங்க... படிக்கும்போது கண்ணைச் சுருக்குறீங்க. உங்க சட்டையில பேர் போட்டிருக்கே, அந்த ஒர்க்ஷாப்புக்கு அடுத்த தெருக் கண்ணாடிக் கடையிலதான் நான் வேலை பாக்குறேன். உங்களுக்குக் கண்ணாடி போட்டாகணும்.”

வந்ததே அவளுக்குக் கோபம்!

“என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல!”

“இந்த வண்டிக்கும் ஒரு கேடும் இல்ல!”

“தாராளமா வாங்குங்க. ஆனா நின்னுபோச்சுன்னு எங்க ஒர்க்ஷாப் பக்கம் வந்துடாதீங்க!”

“வரமாட்டேன். நீங்களும் எங்க கடைப் பக்கம் வந்துடாதீங்க!”

வீம்புக்கென்றே வாங்கினான். சில வாரங்கள் அந்தச் சிவப்பு அவள் தெருவில் உறுமிக்கொண்டு போனது. பிறகு உறுமல் இருமலானது. பிறகு அதுவும் இல்லை. கண்ணாடிக் கடை வாசலில் கார் போர்வை மூடிக் கிடந்தது. ஒரு மழை நாளில், பஸ் நிறுத்தத்தில் அவன் கார் சாவியை விரலில் சுழற்றியபடி நனைந்துகொண்டு நின்றான். பார்த்த அவள் நடையைத் தளர்த்தினாள். போய் பானெட்டைத் திறந்து பார்க்கலாமா... ‘வராதே என்று சொன்ன வாயாலேயே வா என்று கூப்பிடுவதா?’ வேகமாக நடந்துவிட்டாள். ஊருக்கு அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளிடம் அவன் அலைவதாக அப்பா சொன்னார். இனி எப்போதுமே வரமாட்டானோ என்ற நினைப்பு அன்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை.

அவள் நிலைமை மட்டும் என்ன வாழ்ந்தது? போல்ட்டின் மரை வரிகள் சரியாகத் தெரியாமல் அதைக் கோணலாக முறுக்கிப் பாழாக்கினாள். அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போய், வேறொரு கடையில் கண்ணாடி வாங்கினாள். அது மூக்கில் நிற்காமல் வழுக்கி வழுக்கி உயிரை வாங்கியது.

“பக்கத்துத் தெருவுல கடை இருக்கறப்ப அவ்வளவு தூரம் எதுக்கும்மா?” என்றார் அப்பா.

“சும்மாதான்ப்பா...”

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் ஒர்க்ஷாப் வாசலில் அந்தச் சிவப்பு தெரிந்தது. பின்னாலிருந்து அவன் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தான், தொப்பலாக நனைந்து.

“காலையிலேர்ந்து ஸ்டார்ட்டே ஆகலைங்க...” மூச்சு வாங்கியது அவனுக்கு.

அவள் போய் பானெட்டில் கை வைத்தாள். விழுந்த மழைத்துளிகள் ஆவியாகிக்கொண்டிருந்தன.

“காலையிலேர்ந்து ஸ்டார்ட் ஆகாத வண்டியா இது?”

அவன் தலை குனிந்தான்.

“நீங்க சொன்னதெல்லாம் வரிசையா நடந்துச்சு. பெல்ட், கிளட்ச்... ஒண்ணு பாக்கியில்ல. நேத்துதான் முழுசா சரியாச்சு. சரியானதும் பயம் வந்துடுச்சு. இனிமே இங்க வர்றதுக்குக் காரணமே இல்லாமப் போச்சே... அதான் தெருமுனையில இன்ஜினை அணைச்சுட்டுத் தள்ளிட்டு வந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

“வேற கடையில வாங்கினீங்களா? காதுகிட்ட வளைவே சரியில்ல...”

“வராதேன்னு சொன்னது யாராம்?”

அவன் கண்ணாடியை மெல்லக் கழற்றினான். கம்பியை விரலால் வளைத்து மறுபடி போட்டுவிட்டான். இப்போது அசையாமல் நின்றது. அவன் இமையில் தொங்கிய துளிகூடத் தெளிவாகத் தெரிந்தது அவளுக்கு.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... அன்னைக்கு பானெட்டுல கை வச்சீங்களே, அப்பவே. அதான் நீங்க சொன்ன புத்தி ஒண்ணும் காதுல ஏறல. வித்துடுன்னு சொல்லுங்க, நாளைக்கே வித்துடறேன்.”

“விக்க வேண்டாம். இனிமே நான் பாத்துக்கறேன்...”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “யாரும்மா அது? வண்டிக்கு என்ன கோளாறாம்?”

அவள் பானெட்டிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

“வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா... எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு!”