திறக்காத 1941

ஃபோன் அலறியது.

நிரூபா அதை வெறுப்போடு பார்த்தாள். பழைய குடிசனக் கணக்கெடுப்புகளைத் துழாவி, மற்றவர்களின் பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுப்பது அவள் தொழில். கண் இரண்டும் எரிந்தன.

அழைத்தவர் டிடெக்டிவ் அகஸ்ரின். அவரும் ஒழுங்காகத் தூங்கி நாளாகியிருந்தது.

கனடாவின் ஒஷாவா நகரில் வோல்ற்றர் என்ற தொண்ணூற்றைந்து வயதுக் கிழவரை யாரோ தலையணையால் அமுக்கிக் கொன்றுவிட்டார்கள். உயில் இல்லை. வீட்டுச் சாவி அவரைப் பராமரித்த கிளடிஸிடம் மட்டும்தான் இருந்தது.

ஆகவே கிளடிஸ் கம்பிக்கு உள்ளே!

மல்வேர்னில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அழுது களைத்துவிட்டன.

இப்போது ஜனார்த்தன் என்ற வீட்டுத் தரகன் வாரிசைக் கண்டுபிடித்துவிட்டானாம். வோல்ற்றருடைய தம்பியின் பேரன், வான்கூவரில் இருக்கிறான். வீட்டை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு ஜனார்த்தனுக்கே. ஆதாரம் சரியா என்று நிரூபா வந்து பார்க்க வேண்டும்.

பொலிஸ் நிலையத்துக்குப் போனாள்.

ஜனார்த்தன் சிரித்த முகமாய் ஒரு கணக்கெடுப்புப் பக்கத்தின் பிரதியை நீட்டினான். ஆண்டு 1941. தகப்பன், தாய், வோல்ற்றர், தம்பி, கடைசியில் ரூபி என்ற குட்டித் தங்கை.

நிரூபா பெருமூச்சு விட்டாள். அவள் கையில் இருந்தது 1931. அதில் வோல்ற்றர் கைக்குழந்தை. வேறு பிள்ளைகளே இல்லை.

"ரூபியின்ர பேரை எங்க எடுத்தனீங்கள், தம்பி?"

"உதிலதான் அக்கா. கணக்கெடுப்பில."

"கிழவரின்ர வீட்டுக்குப் போகேல்லையோ?"

"வாசல்படிகூட மிதிக்கேல்லை."

அவள் அகஸ்ரின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இங்க ஒரு கணக்கெடுப்பைத் தொண்ணூற்றிரண்டு வருஷம் கழிச்சுத்தான் வெளியில விடுவினம். 1941 இன்னும் பூட்டிக் கிடக்குது. நானே பாக்கேல்லை... இவர் எப்பிடிப் பாத்தவர்?"

ஜனார்த்தனின் சிரிப்பு நின்றது.

அகஸ்ரின் மெல்ல எழுந்தார். ரூபி என்ற பெயரை அவர் ஒரேயொரு இடத்தில்தான் கண்டிருந்தார்... பிணம் கிடந்த அறையின் சுவரில், ஒரு சிறுமியின் படத்துக்குக் கீழே!

"அப்ப நீர் அந்த அறைக்குள்ள நிண்டிருக்கிறீர்," என்றார்.

அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வீட்டை விற்கச் சொல்லிக் கேட்கப் போனானாம். கிழவரே கதவைத் திறந்து, தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்து, முடியாது என்றாராம். வான்கூவர் வாரிசு கூலிக்குப் பிடித்த ஆள்; 1941 பக்கம் அவனே செய்தது, உண்மைபோல் இருக்கட்டும் என்று சுவரில் கண்ட ரூபியையும் சேர்த்தானாம்.

நிரூபாவுக்கு வெற்றி பெற்ற சந்தோஷம் வரவில்லை. அந்தத் தேத்தண்ணியை நினைத்து அழுகைதான் வந்தது. கிளடிஸ் இனி வீட்டுக்குப் போகலாம் என்று அகஸ்ரின் சொன்னபோதுதான் மூச்சு வந்தது.

விலங்கு மாட்டிய ஜனார்த்தன் அவளைக் கடந்து போனான்.

"அசல் பக்கம் 2033இல வரும், தம்பி. ஜெயில் விலாசத்தைத் தந்திட்டுப் போங்கோ... ஒரு கொப்பி அனுப்பிவிடுறன்."