ஒழுகாத பம்பு

புதுப் பம்பின் அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடந்தது.

பம்புகளைப் பழுது பார்க்கும் பிட்டர் குனிந்து லிட்மஸ் தாளால் ஒற்றி எடுத்தார். தாள் சிவந்தது, ஆசிட்தான். பம்போ துடைத்து வைத்தது போலிருந்தது. இணைப்புகளில் விரல்விட்டுப் பார்த்தாலும் ஈரமில்லை.

"பழைய பம்பு கக்கினது தரைக்குள்ள ஊறியிருக்கும், மாமா," என்றான் மைத்துனன். பம்பு ஆபரேட்டராகச் சேர்ந்து அவனுக்கு இதுதான் முதல் மாதம். "அக்காவவிட இந்தப் பம்பத்தான் நீங்க அதிகமா தடவிக் குடுக்கறீங்க. வீட்ல சொல்றேன் இருங்க."

அவர் சிரிக்கவில்லை. மேனேஜரோடு மல்லுக்கட்டி இந்தப் பம்பை வாங்க வைத்ததே இவனுக்காகத்தான். "என் தம்பிய உங்கள நம்பித்தான் அனுப்பறேன்" என்று மனைவி சொன்னது அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. பழைய பம்பில் சுழலும் தண்டு உடம்பைத் துளைத்து வெளியே வரும். அந்தத் துளையை ஒரு சீல் அடைத்திருக்கும். சீல் போனால் ஆளும் போவான். இவனுக்கு முன்னால் இங்கே ஆபரேட்டராக இருந்த, எல்லோரும் தாடி என்றே கூப்பிட்டவர் அப்படித்தான் போனார். இதில் துளையே கிடையாது. வெளியே ஒரு காந்தம் சுற்ற, மூடிய கூட்டுக்குள் இருக்கும் காந்தமும் கூடவே சுற்றும். ஒரே ஒரு குறை, உள்ளே ஓடும் ஆசிட்தான் அதற்கு எண்ணெய், அதுதான் குளிர்ச்சி. வரத்து நின்றால் காய்ந்து சூடேறிக் கூடு விரிசல் விடும்.

"உன் ஸ்பேனரக் குடு, மாப்ள," என்று வாங்கி ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் டேங்க். வால்வு அங்கேதான். மோட்டார் இரைச்சலில் கத்தினால் கேட்காது என்பதால் ஸ்பேனரால் குழாயில் தட்டித்தான் பேச்சு: ஒரு தட்டு என்றால் மூடு, இரண்டு என்றால் திற. சீல் பிய்த்துக்கொண்ட அன்று தாடி ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டே இருந்தார். வால்வுப் பக்கம் ஆள் இல்லை. தாடி வெந்த பிறகுதான் ஓடி வந்தார்கள். அன்றிலிருந்து இங்கே ஒரு சட்டம்: தட்டுக் கேட்டால் முதலில் வால்வைத் திருப்பு, கேள்வி அப்புறம்.

மைத்துனனைப் பம்பு அறையில் விட்டுவிட்டு, பிட்டர் சுவரைச் சுற்றிப் போய் வால்வைத் திறந்தார். மோட்டார் முனகி எழுந்தது. டேங்க்கின் நிழலும், தொண்டையைச் சுரண்டும் ஆசிட் நெடியும், குழாய்க்குள் ஆசிட் வழுக்கி ஓடும் மெல்லிய சலசலப்பும் அவரைச் சூழ்ந்திருந்தன. அந்த நெடியோடு வேறொன்றும் கலந்து வந்தது. மயிர் கருகும் வாடை. கீழே பார்த்தார். பம்பு அறை வாசலிலிருந்து வால்வு வரைக்கும் சொட்டுச் சொட்டாக ஈரம், ஆள் நடந்து வந்த இடைவெளியில். சிமெண்ட் தரை நுரைத்துக்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டு அவர் பூட்சுக்குப் பக்கத்தில்.

சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்தார்.

குழாயில் ஒரு தட்டு.

கை யோசிக்கவில்லை. மூடியது.

பம்பின் ஓசை மாறியது. சலசலப்பு அடங்கி வறட்டு உறுமல். பிறகு கீச்சு. பல்லைக் கூச வைக்கும் கீச்சு. காய்கிறது. எதற்கு மூடச் சொன்னான்?

"மாப்ள!"

கீச்சு ஏறிக்கொண்டே போனது. எதுவோ படாரென்று தெறித்தது.

இரண்டு தட்டு. திற.

மறுபடியும் இரண்டு. அவசரமாக.

திறந்தார்.

திரும்பியபோது பையில் கனமாக ஒன்று தொடையில் இடித்தது. ஸ்பேனர். மைத்துனனின் ஸ்பேனர்.

அப்படியானால் தட்டியது யார்?

சுவருக்கு அப்பால் அலறல் கிளம்பியது. மனிதக் குரலாகத் தொடங்கியது, பாதியில் கொப்பளித்தது, நின்றுபோனது. வால்வை மூடினார். இறுக்கி மூடினார். ஓடினார்.

பம்பு அறையில் வெள்ளைப் புகை. கூடு பிளந்து கிடந்தது. மைத்துனன் சுவரோரம் சரிந்திருந்தான். முகக் கவசம் உருகிக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே கன்னம் இல்லை, பல்வரிசை மட்டும். கண்ணிருந்த இடத்தில் நுரை. கையுறையோடு சேர்ந்து தோலும் உரிந்து தரையில் கிடந்தது.

"மாப்ள..." உன் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்?

டங். டங்.

புகை விலகியது.

மைத்துனனின் பக்கத்தில் யாரோ ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மோவாயில் பாதி கருகிய தாடி, மறு பாதி வெறும் எலும்பு. குழந்தைக்குக் கைபிடித்து எழுதப் பழக்குவது போல, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, வெள்ளையாகத் தெரிந்த விரல் மூட்டுகளைக் குழாயில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

டங். டங்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத இடத்தில், வால்வு மெதுவாகத் திறக்கும் சத்தம் கேட்டது.