அப்பா சரின்னுட்டாரு

சாமான் ஏற்றி வந்த வண்டி கிளம்பியதும் அவர்கள் அன்று குடிவந்த அந்தப் பழைய வாடகை வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது. முன்கூடத்தில் கணவன் கட்டிலை மாட்டிக்கொண்டிருந்தான். பின்னால் சமையலறையில் மனைவி பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருவரும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. வீராப்புக்கு மட்டும் இரண்டு பேரிடமும் பஞ்சமே இல்லை. எதுவானாலும் சின்ன மகள்தான் இங்கும் அங்கும் ஓடிச் சொல்ல வேண்டும். பாவம், அந்தப் பிஞ்சுக் கால்களுக்கு ஓய்வே கிடையாது.

"குட்டி, டீ ஆறுதுன்னு அப்பாகிட்ட சொல்லு."

போன வேகத்திலேயே வந்தாள். "அப்புறமா குடிக்கிறாராம். அம்மா, நான் போகட்டுமா? அப்பா சரின்னுட்டாரு."

"அவரே சொல்லியாச்சா? அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறே? போ."

எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வெளியே தூறல் பிடித்தது. பொழுது சாய்ந்து, நடைவழி இருண்டது. ஈரத்துணி நாள்பட்டு மக்கிய வாடை அங்கிருந்து மெல்ல வந்தது.

"குட்டி?"

பெட்டியை விட்டுவிட்டு நடைவழியை எட்டிப் பார்த்தாள்.

கூடத்துக்கு ஓடினாள். கணவனைப் பார்த்ததும் வாய் பூட்டிக்கொண்டது. அந்த நேரத்திலும் வீராப்பு! அதை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"குட்டி எங்க?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "உன்கூடத்தானே இருக்கா? வந்ததிலேருந்து இந்தப் பக்கமே வரலையே."

"டீ அப்புறமா குடிக்கிறேன்னு சொல்லி அனுப்பினீங்களே..."

"எந்த டீ?"

நடைவழிக் கோடியில் ஒரு சாமான் அறை. வந்தபோது வெளியே பூட்டிக் கிடந்த அதன் கதவு, இப்போது பூட்டு திறந்து உள்ளே தாழிட்டிருந்தது. இருவரும் சேர்ந்து தோள் கொடுத்து முட்டினார்கள். தாழ் தெறித்தது.

இருட்டில் குட்டி தனியாக உட்கார்ந்திருந்தாள். காலையில் அம்மா விரித்து விட்டிருந்த தலைமுடியை யாரோ இறுக்கிப் பின்னியிருந்தார்கள்.

பின்னல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"கால் வலிக்குதுன்னு சொன்னேன்மா. இனிமே உனக்குப் பதிலா நானே போய்க் கேட்டுட்டு வரேன்னு அந்த ஆன்ட்டி சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் சரின்னா, என்னைக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

அவள் மகளை வாரி அணைத்துக் கதறினாள். பெற்ற பிள்ளையை இப்படி ஓடவிட்டோமே என்று நெஞ்சு வெடித்தது. கணவன் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே நாங்களே பேசிக்கறோம்டா கண்ணு. சத்தியமா."

குட்டி அம்மாவின் தோளுக்கு மேலே, காலி மூலையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"எத்தனை நாளைக்குப் பேசுவீங்கன்னு கேக்கறாங்க," என்றாள் மெதுவாக. "அதுவரைக்கும் இங்கேயே இருக்காங்களாம்."