மீன் கடிக்கல, மெஸ்யே!

"ஐயோ... மாதாவே!"

அலறியது ஞானம்பாள்.

சைகோன் நதி கடலில் கலக்கும் கான்ஜியோ கழிமுகம். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. நடுவே பழுப்பு நிற உப்புத் தண்ணீர். தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நின்றது ஒரு மீன்பிடிப் பரண்.

பரணில் வள்ளியப்பன் செட்டியார் குப்புறக் கிடந்தார்.

முதுகில் ஒரு கத்தி!

இரை நறுக்கும் கத்தி. பிடியில் சிவப்புச் சாயம். ஞானம்பாளின் படகுக் கத்திகள் எல்லாவற்றுக்கும் அதே சிவப்புதான்.

பக்கத்துக் கூடையில் அவர் பிடித்த கொடுவா மீன் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிடித்தவருக்குத்தான் மூச்சு நின்றுபோயிருந்தது.

ஞானம்பாள் காரைக்கால்காரி. கணவன் ரொபேர் கடலில் செத்துப்போனதாக சர்க்கார் காகிதம் கொடுத்த நாளிலிருந்து கறுப்புப் புடவை. அவன் விட்டுப்போன மோட்டார் படகில் சைகோன் துரைகளையும் செட்டியார்களையும் இரண்டு பேர், மூன்று பேராக மீன்பிடிக்கக் கூட்டிப் போவது அவள் தொழில். ஆளுக்கொரு பரண். தூண்டில், இரை, கத்தி எல்லாம் அவள் பொறுப்பு. காலையில் இறக்கிவிடுவாள். மத்தியானம் வந்து ஏற்றிக்கொள்வாள்.

அவள் படகில் போனவன் வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. மற்ற படகுக்காரர்கள் வயிறெரிந்தார்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். வள்ளியப்பன் செட்டியார். அவர் தங்கை புருஷன் சதாசிவம். அப்புறம் பிரெஞ்சுக் கஸ்டம்ஸ் துரை ஒருவர். ஓடையின் வளைவுகளில் பரண்கள் இருந்ததால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

யார் குத்தியது?

 ஞானம்பாள் பிணத்தையும் மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு சைகோனுக்குப் படகை விரட்டினாள்.

படகுத்துறையில் அவள் கையில் விலங்கு விழுந்தது!

"படகு உன்னோடது. கத்தி உன்னோடது. மூணு பரணுக்கும் போய்வர உன்னாலதான் முடியும். ஒத்துக்கிட்டா எனக்கும் வேலை மிச்சம்!"

கொமிசரியாவில், அதாவது போலீஸ் நிலையத்தில், அவளை நிறுத்திவைத்துச் சொன்னவர் இன்ஸ்பெக்டர் பிரான்சுவா. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு மீசை, சுத்தமான தமிழ்க் கோபம். படகுக்காரர்கள் அவரைப் பிரெஞ்சு 'ஐயா'வான 'மெஸ்யே' என்றே கூப்பிடுவார்கள்.

"நான் கொல்லல, மெஸ்யே! நீர் வத்தினா மூங்கில் வேலி ஒண்ணு வெளியே தெரியும். அதைப் புடிச்சுக்கிட்டே ஒரு பரண்லேர்ந்து இன்னொரு பரணுக்குப் போயிடலாம்..."

"யார் போனது?"

"அது..."

"கஸ்டம்ஸ் துரை ஓடைக்கு அந்தப் பக்கம். வேலி அங்க கிடையாது. மிச்சம் இருக்கறது சதாசிவம் செட்டியார். அவர் பரணை விட்டு எறங்கவே இல்லேங்கறார். எறங்கினார்னு நிரூபிக்க முடியுமா உன்னால?"

ஞானம்பாள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அது போகட்டும். காலையில படகுத்துறையில வள்ளியப்பன் உன்னை என்ன கேட்டார்?"

"வெளையாட்டுக்குத்தான் மெஸ்யே... 'உன் படகுல மட்டும் எப்படித் தவறாம மீன் கடிக்குது? இன்னிக்கு அந்த வித்தையைக் கண்டுபுடிக்காம விடமாட்டேன்'னார்."

"நீ என்ன சொன்னே?"

ஞானம்பாள் முந்தானை நுனியை முறுக்கினாள்.

"நான் சொல்லட்டுமா? 'கண்டுபுடிச்சா உசுரோட திரும்ப மாட்டீங்க, செட்டியாரே!' நாலு பேர் கேட்டிருக்காங்க. நல்லா இருக்கு உன் வெளையாட்டு!"

அறை மூலையில் சதாசிவம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"எங்க மச்சான் தங்கமானவுக, ஐயா! போன மாசந்தான் ஊர்லேர்ந்து வந்தாக. அடுத்த கப்பல்ல என்னையும் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தாக. இப்ப நான் எந்த மொகத்தோட ஊருக்குப் போயி எம் பொஞ்சாதி அழகம்மையப் பாப்பேன்?"

"செட்டியாரே, கடைசியா ஒரு தரம் கேக்கறேன். நீங்க பரணை விட்டு எறங்கவே இல்லையா?"

"எறங்கி எங்கிட்டுப் போறது? சுத்தித் தண்ணி! காலையிலேர்ந்து தூண்டிலக் கையில புடிச்சுக்கிட்டு ஒக்காந்த எடத்துலயே இருந்தேன். ஒரு மீனும் கடிக்கல, ஐயா!"

ஞானம்பாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

மீன் கடிக்கவில்லையா?

அவள் படகில் வந்தவனுக்கா?

 இவன்தான்! கொலைகாரன் இவனேதான்!

ஆனால் எப்படித் தெரியும் என்று எவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் இன்னொரு உயிர் போகும்.

ஏனென்றால்... ரொபேர் சாகவில்லை!

துறைமுகத்தில் ஒரு துரையை அறைந்ததற்காகத் தீவுச் சிறைக்குப் போனவன் அவன். மூங்கில் தெப்பத்தில் தப்பினான். உடைந்த தெப்பம் கரை ஒதுங்கியது. சர்க்கார் அவனைச் செத்தவன் என்று எழுதி, மனைவிக்கு முத்திரை போட்ட காகிதம் அனுப்பியது. காகிதம் வந்து சேர்ந்த நேரத்தில் செத்தவன் அலையாத்திக் காட்டில் உட்கார்ந்து நண்டு சுட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

ஞானம்பாளின் வித்தை அவன்தான். முதல் நாளே வலை போட்டுப் பிடித்த மீன்களைக் கூடையில் உயிரோடு வைத்திருப்பான். கலங்கல் தண்ணீரில் முங்கி வந்து, பரணுக்கு அடியில் நின்று, தூண்டிலில் ஒரு மீனை மாட்டிவிட்டு இழுப்பான். மேலே துரை துள்ளிக் குதிப்பார்!

அன்றைக்கும் சதாசிவத்தின் தூண்டிலில் அவன் மீன் மாட்டியிருப்பான். மாட்டாமல் விடுகிற ஆள் இல்லை. பரணில் ஆள் இருந்திருந்தால் மீன் மேலே வந்திருக்கும்.

சொன்னால் ரொபேர் திரும்பத் தீவுக்குப் போவான். இந்தத் தடவை பிணமாகத்தான் வெளியே வருவான். சொல்லாவிட்டால் இவள் தலை கில்லட்டினுக்கு அடியில் போகும்.

"என்ன முழிக்கறே? சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

ஞானம்பாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.  கத்த வேண்டும் போலிருந்தது.

"நான் கொல்லல, மெஸ்யே. அவ்வளவுதான்."

"உள்ள தள்ளு!"

கம்பிக் கதவு சாத்தப்பட்டது. ஞானம்பாள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். தன் கழுத்தைப் பற்றிய பயத்தைவிட வேறு ஒரு பயம் அவளைப் பிடுங்கித் தின்றது.

'மாதாவே... அந்த மனுஷனுக்குப் புத்தியைக் குடு. என்னைத் தேடிக்கிட்டு வந்துடக் கூடாது. வந்துடவே கூடாது!'

மாதா கேட்கவில்லை.

மறுநாள் காலை. கொமிசரியா வாசலில் ஒருவன் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. தோளில் உப்புப் பூத்திருந்தது.

"இன்ஸ்பெக்டரைப் பாக்கணும். செட்டியார் கொலையைப் பத்தி."

கம்பிக்குப் பின்னாலிருந்து ஞானம்பாள் பாய்ந்து எழுந்தாள்.

"யாரு இந்தாளு? எனக்குத் தெரியாது! பைத்தியக்காரன், மெஸ்யே! வெரட்டுங்க! வெரட்டி விடுங்க!"

"ஞானம்... போதும்."

அந்த இரண்டு வார்த்தையில் அவள் உடைந்து போனாள். கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

பிரான்சுவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரு?"

"ரொபேர். இவ புருஷன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"பேசு."

ரொபேர் ஒன்றையும் மறைக்கவில்லை. தெப்பம், காடு, பரணுக்கு அடியில் செய்த வேலை... எல்லாவற்றையும் சொன்னான்.

"மொதல்ல வள்ளியப்பன் செட்டியாருக்கு ஒண்ணு மாட்டினேன். அவர் தூக்கிட்டார். அப்புறம் இந்த சதாசிவம் பரணுக்கு வந்தேன். நல்லா பெரிய கொடுவாவா மாட்டி, கயித்தை இழுத்தேன். மேலேர்ந்து பதிலே இல்ல, மெஸ்யே! திரும்ப இழுத்தேன். ம்ஹூம்! மீன் அது பாட்டுக்குப் பரண் காலைச் சுத்த ஆரம்பிச்சுது. தூங்கறார்போலன்னு காட்டுக்குப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"இவ அலறல் கேட்டுது. போலீசு புடிச்சுதுன்னு படகுக்காரங்க பேசிக்கிட்டாங்க. ராத்திரியோட ஒரு சம்பான் படகை வலிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"இங்க வந்தா உன் கதி என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும், மெஸ்யே. இவளே போயிட்டா நான் காட்டுல ஒளிஞ்சிருந்து என்ன செய்யப்போறேன்?"

பிரான்சுவா அலமாரியைத் திறந்தார். தேடினார். ஒரு காகிதத்தை உருவினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

 ரொபேர் இரண்டு கையையும் விலங்குக்கு நீட்டினான்.

"ரொபேர். ஊர் காரைக்கால். கடலில் மூழ்கி மரணம். முத்திரை இருக்கு. கையெழுத்து இருக்கு." காகிதத்தை மடித்தார். "சர்க்கார் பொய் சொல்லுமாடா?"

"மெஸ்யே...?"

"செத்தவன் குடுத்த வாக்குமூலம்னு நான் எழுதினா, எனக்கு மேலே இருக்கறவன் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவான். செத்தவனை அரெஸ்ட் பண்ண எந்தச் சட்டத்துலயும் எடமில்ல. எப்படி வந்தியோ அப்படியே போ!"

ரொபேர் நகரவில்லை. "இவ?"

"இவ உள்ளதான் இருப்பா. நீ பேசினது கோர்ட்டுக்குப் போகாது. அந்த மீன் இன்னும் பரண் காலைச் சுத்திக்கிட்டுக் கெடந்தா இவ பொழைச்சா. நண்டும் நீரோட்டமும் கொண்டுபோயிருந்தா... என்னால ஒண்ணும் செய்ய முடியாது. போடா!"

போலீஸ் லாஞ்சுக்கு அனுமதி வாங்கவே ஒரு முழுநாள் ஓடிப்போனது. ஞானம்பாளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. அந்த ஓடையில் நண்டு எத்தனை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அதற்கு மறுநாள் கழிமுகத்தில் நீர் வற்றியிருந்தது. சதாசிவத்தின் பரணிலிருந்து வள்ளியப்பனின் பரணை நோக்கி மூங்கில் வேலி தலை நீட்டிக்கொண்டிருந்தது.

லாஞ்சில் பிரான்சுவா. விலங்கோடு ஞானம்பாள். 'சும்மா ஒரு சாட்சிக்கு' என்று அழைத்து வரப்பட்ட சதாசிவம்.

"எறங்கிப் பாரு," என்றார் பிரான்சுவா.

ஒரு போலீஸ்காரர் பரணுக்கு அடியில் முங்கினார். முதல் காலைத் தடவினார். மேலே வந்தார்.

"ஒண்ணுமில்ல!"

இரண்டாவது கால்.

"ஒண்ணுமில்ல!"

 ஞானம்பாள் லாஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது கால்.

"ஒண்ணுமில்ல, மெஸ்யே! வெறும் சிப்பிதான்!"

போச்சு! எல்லாம் போச்சு!

"இன்னொரு கால் இருக்கில்ல? அதையும் பாத்துட்டு வந்து பேசு!"

போலீஸ்காரர் மறுபடி முங்கினார். நேரம் போனது. வரவில்லை. இன்னும் வரவில்லை...

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கை மேலே வந்தது. கையில் தூண்டில் கயிறு!

காலைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தார்கள். கடைசி முனையில் வந்தது ஒரு கொடுவாவின் தலை. உடம்பை நண்டுகள் முடித்துவிட்டிருந்தன. தாடையில் ஞானம்பாளின் தூண்டில் முள் குத்தியபடி இருந்தது.

பிரான்சுவா அதைச் சதாசிவத்தின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"உங்க தூண்டில் கயிறு என்ன ஆச்சு, செட்டியாரே?"

"வே... வேருல சிக்கிக்கிச்சு. வெட்டிவிட்டுட்டேன்."

"வேர் இல்ல. மீனு! ஆளைக் கீழே இழுக்கற மீனு! இது காலைச் சுத்தின சுத்துல பரணே ஆடியிருக்கும். கயித்தைக் கையில புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க... ஆனா மீனே கடிக்கல. அப்படித்தானே?"

சதாசிவம் மீன் தலையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். உதடு கோணியது.

"நான் என்ன செய்வேன், ஐயா! சைகோன் பக்கத்துல, சோலோன்ல எனக்கு ஒருத்தி இருக்கா. ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. 'அதுகளத் தலைமுழுகிட்டு அடுத்த கப்பல்ல ஏறு'ன்னாக மச்சான். அன்னிக்கு வேலியப் புடிச்சுக்கிட்டுப் போயி அவுக கால்ல விழுந்து கெஞ்சுனேன். நான் கெஞ்சுறேன்... அவுக கூடையில கெடந்த மீனப் பாத்துப் பூரிச்சுக்கிட்டிருக்காக! ஒரு தடவ என்னத் திரும்பிப் பாத்திருந்தாகன்னா..."

முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

பிரான்சுவா ஞானம்பாளின் விலங்கைக் கழற்றிச் சதாசிவத்தின் கையில் மாட்டினார்.

ஞானம்பாள் வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளில் இதுதான் பயமில்லாத அழுகை.

லாஞ்ச் திரும்பி அலையாத்திக் காட்டின் ஓரமாக மெதுவாக நகர்ந்தது. பிரான்சுவா சிகரெட்டைப் பற்றவைத்தார்.  மீசையைத் தடவினார். தொண்டையைக் கனைத்தார்.

"ஞானம்பாள்..."

"சொல்லுங்க, மெஸ்யே."

"போன கிறிஸ்மசுக்கு நானும் உன் படகுல வந்தேனில்ல? இம்மாம் பெரிய கொடுவா புடிச்சேனே! அதோட நின்னு எடுத்த படத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன். வர்றவன் போறவனையெல்லாம் நிறுத்திக் காட்டறேன்." குரல் இறங்கியது. "அது... நானே புடிச்சதுதானே?"

"என்ன மெஸ்யே இப்படிக் கேட்டுட்டீங்க? சத்தியமா நீங்களே புடிச்சதுதான்!"

பக்கத்தில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே, தண்ணீர் குபுகுபுவென்று குமிழி விட்டது.

பிரான்சுவா சந்தேகமாக எட்டிப் பார்த்தார்.

"என்னது அது?"

"மீன் சிரிக்குது, மெஸ்யே!"