வெட்டி எடுத்த மூச்சு

ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்றுதான் எம்லினுக்குப் பிடிபடவில்லை.

குரல் அவனுடையதுதான், சந்தேகமில்லை. லண்டனின் வடக்கே பழைய பியானோ கிடங்கொன்றின் அடித்தளத்தில், சுவரெல்லாம் கம்பளி அடித்த பாடும் அறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நேற்று தான் பாடியதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. தொடக்கத்தில் எந்த வாத்தியமும் இல்லை, மூன்று நிமிடத்துக்கு வெறும் குரல். அந்தக் குரல் முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, எங்கேயும் நிற்காமல், எங்கேயும் தயங்காமல் வழுக்கிக்கொண்டே போனது. நான்காவது வரியில் அவனுக்கு நெஞ்சை அடைத்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். அவ்வளவு நேரமும் தான் மூச்சே விடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிறிஸ்பின் வாயெல்லாம் பல்லாக நின்றான். குழுவுக்கு ஆர்கன் வாசிப்பவன், பாட்டு எழுதுபவன், மற்றவர்கள் தலையில் மிளகாய் அரைப்பவன் எல்லாம் அவனே.

"எப்படிடா இருக்கு?"

"என் மூச்சு எங்கடா?"

"வெட்டியாச்சு. பனிக்கடியில ஆயிரம் வருஷமா படுத்திருக்கிற ராஜா பாடுற பாட்டுடா இது. அவன் எதுக்கு வரிக்கு வரி சளி புடிச்ச பஸ் கண்டக்டர் மாதிரி மூச்சு வாங்கணும்?"

வெட்டியது டூகல். ஸ்காட்லாந்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஒலிப்பதிவில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒலிநாடாவை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் உருட்டி, மூச்சு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, சவர பிளேடால் சாய்வாக அறுத்து, இரண்டு முனையையும் வெள்ளை ஒட்டுத்தாளால் சேர்த்துவிடுவார். சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. அறுத்த துண்டுகளை அவர் குப்பையில் போடுவதில்லை. இசைத்தட்டு கடைக்கு வரும்வரை ஒரு விரல்கடை நாடாவைக்கூட எறியக் கூடாது என்பது அவர் தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். அதனால் எம்லினின் மூச்சுகள் எல்லாம், சாண் நீளத்தில், பழுப்பு ரிப்பன்களாக, ஒலிப்பதிவு அறைச் சுவரில் வரிசையாக ஒட்டித் தொங்கின. ஆள் நடந்தால் அவை லேசாக ஆடின.

அன்றைக்கு எம்லினும் சிரித்துவிட்டுத்தான் போனான்.

கிடங்கின் படிக்கட்டில் அது முதல்முறை வந்தது. ஏழெட்டுப் படி ஏறியிருப்பான், கண் இருட்டியது. வலி இல்லை, இருமல் இல்லை. மூச்சு வரவில்லை, அவ்வளவுதான். இழுத்தால் வந்தது, இழுக்காவிட்டால் வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து மறந்துபோய் ஜன்னலைப் பார்த்தால், சற்று நேரத்தில் காதுக்குள் கூவென்று ஒரு சத்தம் கிளம்பி, அட, இழுக்கவில்லையே என்று நினைவு வரும். இரவு தூங்க முடியவில்லை. கண் அயர்ந்தால் நெஞ்சும் சேர்ந்து அயர்ந்தது. டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குதிரைக்குக்கூட இப்படி நுரையீரல் இருக்காது, சிகரெட்டை மட்டும் குறைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

எம்லினுக்குப் பயமாக இருந்தது. சும்மா பயமில்லை, சின்ன வயதுப் பயம். வேல்ஸில் அவன் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் நிலக்கரி சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு முழுக்கத் தூசியோடு மேலே வந்தவர். படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே தூங்குவார். சுவருக்கு அந்தப் பக்கம் விடியும்வரை கேட்கும் அந்த விசில் சத்தத்தைக் கேட்டுத்தான் எம்லின் வளர்ந்தான். தேவாலயத்தில் பாடச் சேர்ந்ததும், வாய்க்கு நேரே மெழுகுவத்தியைப் பிடித்து, சுடர் சாயலாம் ஆனால் துடிக்கக் கூடாது என்று வாத்தியார் பழக்கியபோது பைத்தியம் மாதிரிப் பழகியதும், கடைசியில் ஊரைவிட்டே ஓடி வந்ததும், எல்லாம் அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான். தப்பித்துவிட்டோம் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை, தேநீர் நேரத்தில், டூகல் ஒரு வேடிக்கை செய்தார். ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற வேடிக்கைதான். சுவரில் தொங்கிய மூச்சுத் துண்டுகளை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியை முதலோடு சேர்த்து, பெரிய வளையமாக்கினார். இயந்திரத்தில் மாட்டி, மிச்ச நீளத்தைத் தரையில் ஒரு பால் புட்டியைச் சுற்றி ஓடவிட்டார்.

"கச்சேரி ஆரம்பம். தலைப்பு, எம்லின் பாடாத பாட்டு," என்று பொத்தானை அழுத்தினார்.

ஹ். ஹ்ஹ். ஹ்.

எல்லாமே உள்ளே இழுக்கும் மூச்சு. வெளியே விடும் மூச்சு ஒன்றுகூட இல்லை. கிறிஸ்பின் விழுந்து விழுந்து சிரித்தான். எம்லின் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். ஒவ்வொரு ஹ்-க்கும் அவன் நெஞ்சு தானாக விரிந்து, தானாக அடங்கியது. ஒரு வாரமாகக் கிடைக்காத காற்று. தேயிலை மணம், டூகலின் பைப் புகை, மண்ணெண்ணெய் அடுப்பின் நெடி, எல்லாம் மூக்குக்குத் திரும்பி வந்தன. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

டூகல் இயந்திரத்தை நிறுத்தினார். நெஞ்சும் நின்றது.

"போடுங்க," என்றான் எம்லின். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. கோப்பை கீழே விழுந்து உடைந்தது. அவன் முகத்தைப் பார்த்த டூகல் மறுபடி அழுத்தினார்.

அன்று முதல் அந்த வளையம் நிற்கவில்லை. திரும்பவும் அந்தந்த வரியில் ஒட்டிவிடுங்கள் என்று எம்லின் கெஞ்சினான். எந்த மூச்சு எந்த வரிக்குரியது என்று டூகலுக்கே தெரியவில்லை. தெரிந்தாலும் பயனில்லை. குரலை, வாத்தியங்கள் எல்லாம் சேரும் பெரிய நாடாவுக்கு மாற்றி, அதன்மேல் கிறிஸ்பின் ஆர்கனை வாசித்துத் தள்ளியாகிவிட்டது.

"உனக்கு நரம்புக் கோளாறு," என்றான் கிறிஸ்பின். "உன் வாழ்க்கையிலயே நல்லா பாடினது இதுதான். இத போய் கெடுக்கணுங்கிறியே."

டூகல் வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துப் பார்த்தார். நகலில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. அவர் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. பைப்பைப் பற்ற வைக்க மூன்று குச்சி ஆனது அவருக்கு.

எம்லின் கிடங்கிலேயே படுத்துக்கொண்டான், இயந்திரத்துக்குக் கீழே, கோட்டைப் போர்த்திக்கொண்டு. காலையில் டூகல் வந்து, வளையம் ஓடும்போதே, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், நாடா உரசி ஓடும் ஹெட்டைத் துடைப்பார். பஞ்சு காப்பி நிறத்தில் வரும்.

"மருந்து உதிருது தம்பி. டேப்னா அவ்வளவுதான், பிளாஸ்டிக் மேல தடவுன துரு. ஓட ஓட உதிரும்."

எம்லின், வாயைத் துடைத்த தன் கைக்குட்டையை விரித்துக் காட்டினான். அதிலும் அதே நிறம்.

வெளியே நாட்டில் சுரங்கத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தம் ஆறாவது வாரமாக நடந்தது. கரி இல்லை, கரி இல்லாததால் மின்சாரம் இல்லை. எந்தப் பகுதிக்கு எப்போது நிறுத்துவார்கள் என்று பேப்பரில் போட்டார்கள். இத்தனை நாள் பட்டியலில் வராத அவர்கள் தெரு செவ்வாய்க்கிழமை வந்தது. மாலை ஆறு மணி.

அன்று மதியம் நடைவழியில் இருந்த தொலைபேசி அடித்தது. கம்பி எட்டும் தூரம்வரை இழுத்து, இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே எம்லின் பேசினான்.

"டேய் பாட்டுக்காரா," என்றார் அப்பா. பின்னால் அந்த விசில். "இன்னைக்கு சாயங்காலம் உங்க லண்டன்காரனுங்களுக்கு லைட்டை அணைக்கிறோம். மெழுகுவத்தி வாங்கிட்டியா?"

"அப்பா. மூச்சு வராதப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எதுக்குடா கேக்குற? நீ கீழ எறங்கவே இல்லையேடா."

"சும்மாதான்."

"எண்ணக் கூடாது. எண்ணினா போச்சு. அடுத்தது வரும்னு நம்பி உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். டேய், எம்லின், அங்க யாருடா மூச்சு வாங்குறது?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டர் ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பரிடம் இருக்கிறது என்று டூகல் நான்கு மணிக்கே காரில் கிளம்பினார். "நான் வர்ற வரைக்கும் இது ஓடட்டும். ஆறுக்குள்ள வந்துடுவேன்," என்றார். கிறிஸ்பின் அந்த மூன்று நிமிடக் குரலை இன்னொரு இயந்திரத்தில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆறுக்கு ஒரு நிமிடம் முன்னால் எழுந்து, மேசையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தான்.

"பப்ல இருட்டுலயும் ஊத்துறாங்களாம். வர்றியா? வரமாட்ட. சரி, ராஜாவுக்குத் துணையா இரு."

அவன் இயந்திரத்தை நிறுத்தாமலே போனான். அவன் செருப்புச் சத்தம் படியேறி மறைந்தது. இப்போது அறையில் இரண்டு எம்லின்கள். ஒருவன் மூச்சே விடாமல் பாடினான். இன்னொருவன் பாடாமல் மூச்சு மட்டும் விட்டான். நடுவில் இவன். ஏற்கெனவே மின்சாரம் போன பக்கத்துத் தெருக்களில், விளக்கில்லாத சிக்னல்களில் கார்கள் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் சத்தம், வெகு தூரத்தில், கம்பளிச் சுவரைத் தாண்டி, ஈ முனகுவதுபோல் வந்தது. டூகலின் கார் அதில் எங்கோ நிற்கிறது.

விளக்கு அணைந்தது.

சக்கரங்கள் உடனே நிற்கவில்லை. பாடும் குரல் தளர்ந்து, கனத்து, தரைக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. ஹ் என்பது ஹோ ஆனது. ஹோ நீண்டது. நீண்டு, நீண்டு, பால் புட்டியைச் சுற்றிய நாடா தொய்ந்து, நின்றது.

அப்படி ஓர் அமைதியை அவன் கேட்டதில்லை. நெஞ்சுக்கு உத்தரவு போட்டான். இழு. வரவில்லை. இழு. ஒரு கடுகளவு வந்தது. அடுத்தது வரும். வரவில்லை. காதில் கூவென்ற சத்தம். மெழுகுவத்தியைச் சுற்றி அறை சுருங்கியது.

கை தானாகப் போய் நாடாவைப் பிடித்தது. டூகல் உருட்டுவது போல, இரண்டு கையாலும், ஹெட்டின் மேல் ஒரு சாண் இழுத்தான்.

காற்று வந்தது.

ஒலிபெருக்கியில் சத்தமில்லை. மின்சாரம் இல்லாமல் எங்கிருந்து சத்தம் வரும்? ஆனால் நெஞ்சுக்குக் கேட்டது. இன்னொரு சாண். இன்னொரு மூச்சு. சந்தோஷத்தில் அவன் சத்தமில்லாமல் சிரித்தான். இழுத்துக்கொண்டே இருந்தால் போதும். டூகல் வரும்வரை. விளக்கு வரும்வரை.

இழுத்தான். வெள்ளை ஒட்டுகள் ஒவ்வொன்றாக விரலைக் கடந்தன. புட்டி கவிழ்ந்து உருண்டது. கை மரத்தது. நாக்கில் துருவின் சுவை. இழுத்தான். விரல் நுனியெல்லாம் மாவாக ஒட்டியது. மெழுகு உருகி மேசையில் வழிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சு கொஞ்சம் சின்னதாக வந்தது. வேகமாக இழுத்தான். இன்னும் சின்னது. எண்ணக் கூடாது. எண்ணக் கூடாது.

ஒரு சாண். நூலளவு.

ஒரு சாண்.

ஒரு சாண்.

படபடவென்று குழல்விளக்குகள் உயிர் பெற்றன. மேலே கதவு திறந்தது. படியில் ஓடி இறங்கும் கால்கள். "தம்பி! எம்லின்! கொண்டாந்துட்டேன்டா!"

எம்லின் கையைப் பார்த்தான். விரல்கள் பழுப்பு. மடி பழுப்பு. தரையில் பழுப்பு மாவு. விரலுக்கிடையே இருந்த நாடாவின் வழியே அந்தப் பக்கத்துச் சுவர் தெளிவாகத் தெரிந்தது. துடைத்த கண்ணாடி போல வெறும் பிளாஸ்டிக். அதில் ஒன்றுமே மிச்சமில்லை.

கூவென்ற சத்தம்கூட இப்போது இல்லை. வலியும் இல்லை. நெஞ்சு அசையவில்லை. அது அசைய வேண்டும் என்று அவனுக்கே தோன்றவும் இல்லை.

கிறிஸ்பின் நிறுத்தாமல் போன இயந்திரம் முனகி, தளர்ந்து, வேகம் பிடித்தது. பனிக்கடியில் கிடக்கும் ராஜாவின் பாட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. எம்லினின் வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை. அந்தக் குரலோடு குரலாக அவனும் பாடினான், ஒரு வரியிலிருந்து அடுத்ததுக்கு, அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததுக்கு, எங்கேயும் நிற்காமல். இத்தனை சுத்தமாக அவன் ஒருநாளும் பாடியதில்லை.

வாசலில் பெட்டியோடு நின்ற டூகல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல், எம்லினின் திறந்த வாய்க்கு நேரே, இன்னும் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியைத்தான் பார்த்தார்.

அவன் பாடிக்கொண்டே இருந்தான். சுடர் சாயவுமில்லை, துடிக்கவுமில்லை.