நிமிர்த்தி வைத்த நாற்காலிகள்

மாமனாரின் சவப்பெட்டி சாலை வளைவைத் தாண்டிய பிறகும், அதைத் தாங்கியிருந்த, பெட்டியைத் தூக்கியதும் ஊர் வழக்கப்படி உதைத்துத் தள்ளப்பட்ட இரண்டு நாற்காலிகளில் ஒன்று தரையில் கிடந்தபடியே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று டிம்ப்னா முடிவு செய்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

"அதை நிமித்தாதேம்மா," என்றாள் பக்கத்து வீட்டு ஹனோரா, சால்வையை இழுத்துப் போர்த்தியபடி. "குழிய மூடிட்டு எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் கெடக்கட்டும். நின்னா, இந்த வீட்டுலேருந்து இன்னொரு ஆளைத் தேடும்."

"தேடட்டும் பெரியம்மா. அதான் நாலு காலு இருக்கே."

"டப்ளின் பட்டணத்துக்காரி வாய்," என்று முணுமுணுத்துவிட்டு ஹனோரா ஊர்வலத்தின் பின்னால் ஓடினாள்.

டிம்ப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாகப் பார்க்கிறாள். கடிகாரத்தை நிறுத்தினார்கள், கண்ணாடிக்குத் துணி போட்டார்கள், கிழவரின் உயிர் வழி தெரியாமல் முட்டிக்கொள்ளுமோ என்று ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், பிறகு அது திரும்பி வந்துவிடக் கூடாதென்று சாத்தினார்கள். வளர்ந்த மனிதர்கள். அவர்களுடைய சேற்றுக்கால் தடமும் புகையிலைச் சாம்பலும்தான் மிச்சம். அதைத் துடைப்பது மட்டும் இவள் வேலை.

தண்ணீரைக் கொட்டித் தேய்க்கத் தொடங்கினாள். ஈரம் படாமலிருக்க, நாற்காலிகளை நிமிர்த்தி எதிரெதிராக ஒட்டிப் போட்டு, தன் ஏழு வாரக் குழந்தை ஃபின்டன் தூங்கும் கூடையை அவற்றின்மேல் வைத்தாள். கரி அடுப்பின் புகைநாற்றமும், அணைந்த மெழுகுவர்த்திகளின் வாடையும், பழைய பைப் புகையும் கலந்து அந்த மதிய வெளிச்சத்திலும் அறையைக் கனக்க வைத்திருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை, சவப்பெட்டி வந்திறங்கிய அன்று அடித்த, புதிதாக வார்னிஷ் பூசிய மரத்தின் வாசனை, மெல்லக் கூடிக்கொண்டே வந்தது.

முதுகுக்குப் பின்னால் மரம் முனகியது. பாரம் ஏறும்போது நாற்காலி முனகுமே, அப்படி.

திரும்பினாள். ஒட்டிப் போட்டவற்றுக்கிடையே ஒரு கை அகல இடைவெளி.

"சனியன் புடிச்ச ஈரத்தரை," என்றாள் உரக்க. வழுக்கியிருக்கும்.

கூடையைத் தூக்கினாள். வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. குழந்தையை மட்டும் தூக்க முயன்றாள். அவனும் வரவில்லை. கல்லாய்க் கனத்தான்.

நாற்காலிக் கால்கள் கிறீச்சிட்டன. இன்னும் விலகின. ஓர் ஆள் நீளத்துக்கு.

நடுவில் ஒன்றுமில்லை. கூடை விழவில்லை.

அடியில் கையை விட்டாள். பலகை. வழவழவென்று. சில்லென்று.

"ஃபின்டன்."

அவன் விழித்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை. எப்போதும் சுருட்டியே வைத்திருக்கும் அந்தச் சின்ன விரல்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்து, கிழவருக்கு வைத்ததுபோலவே மார்பின்மேல் கோத்து வைத்திருந்தார்கள்.